அடுத்த வீட்டுக்குக் கேட்காத வால்வு ஓசை

ரெய்னர்ஸ் லேன் வீதிகளில் நாம் காணும் வீடுகளிற் பல 1930களில் கட்டப்பட்டவை; இரண்டிரண்டாக ஒரே சுவரைப் பகிர்ந்து நிற்பவை. அச்சுவரின் ஒரு பக்கத்தில் எம் பிள்ளை மின்கிற்றார் பயிலத் தொடங்கினால், மறுபக்கத்தில் அயலவர் சுவரைத் தட்டத் தொடங்குவார். தொல்லை தரும் சத்தத்தை நிறுத்துமாறு அறிவித்தல் அனுப்பும் அதிகாரம் 1990ஆம் ஆண்டின் சுற்றாடல் பாதுகாப்புச் சட்டப்படி கவுன்சிலுக்கு உண்டு. வாடகை வீட்டில் தஞ்ச விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அரச முத்திரையுடன் வரும் எந்தக் கடிதமும் நெஞ்சிடிதான். முடிவில் கிற்றார் மூலைக்குப் போய்விடுகிறது.

இத்தனைக்கும் பிள்ளைகள் தேடும் அந்த முரட்டு ஓசை பிறந்தது இங்கிருந்து தெற்கே ஏறத்தாழ ஐந்து மைல் தொலைவிலுள்ள ஹான்வெல்லில். ட்ரம் ஆசிரியரான ஜிம் மார்ஷல் 1960இல் அக்ஸ்பிரிட்ஜ் வீதி 76ஆம் இலக்கத்தில் இசைக்கருவிக் கடை திறந்தார். அமெரிக்காவின் பெண்டர் பாஸ்மன் சுற்றை முன்மாதிரியாகக் கொண்டு, கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோர் துணையுடன் 1962இல் அவரது முதலாவது அம்பிளிபயர் உருவாயிற்று. சில ஆண்டுகளில் ‘த ஹூ’ குழுவின் பீற் டவுன்ஷெண்ட் இன்னும் சத்தம் வேண்டுமென்று கேட்க, அது 100 வாற்றாக வளர்ந்தது. அயலவரைப் பற்றி அன்று எவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை!

ஊரில் வால்வு றேடியோ வைத்திருந்தோர் அறிவர்: சூடேறிய பின்னரே அது வாய் திறக்கும். கிற்றார் அம்பிளிபயரும் அவ்வினமே. அதனுள் இரண்டு பகுதிகள் உண்டு. முதலாவது ‘பிரீஆம்ப்’ எனப்படும் முற்பெருக்கி. சிறிய ஈசிசி83 வால்வுகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று ஓசையைப் பெருக்கிக் கைமாற்றுகின்றன; பெரும்பாலும் இது ஒருவழிப் பாதை. இரண்டாவது ‘பவர்ஆம்ப்’ எனப்படும் வலுப்பெருக்கி. ஈஎல்34 போன்ற பெரிய வால்வுகளும் இரும்பு ட்ரான்ஸ்போமரும் சேர்ந்து ஸ்பீக்கரை அசைப்பது இங்கேதான்.

இப்பகுதி ஸ்பீக்கரோடு ஓயாது பேச்சுவார்த்தை நடத்துகிறது. ஸ்பீக்கர் காட்டும் மின்தடங்கல் தாழ்ந்த சுரங்களில் ஓரிடத்திலும் உச்சச் சுரங்களிலும் உயர்கிறது. அதற்கேற்ப வால்வின் பதிலும் மாறுகிறது. வெளியீட்டின் ஒரு பங்கு மீண்டும் உள்ளே ஊட்டப்படுகிறது. நரம்பை ஓங்கி அடித்தால் உள்ளே மின்னழுத்தம் கணநேரம் தாழ்ந்து பின்னர் மீள்கிறது. ஓசை சற்றே பணிந்து பிறகு வீங்கி எழுவது அதனால்தான். குறைந்த சத்தத்தில் இந்தப் பணிவும் எழுச்சியும் உறங்கிக் கிடக்கும்.

1975இல் மார்ஷல் நிறுவனம் இரு பகுதிகளுக்கும் இடையே ‘மாஸ்டர் வொலியூம்’ குமிழ் ஒன்றை வைத்தது. முற்பெருக்கியை மட்டும் உறுமவிட்டு, மொத்தச் சத்தத்தைக் குறைக்கலாம். ஆனால் பெரிய வால்வுகள் உறங்கும்போது எஞ்சுவது, எம் காதுக்கு, தகரப்பேணிக்குள் அடைபட்ட தேனீக்களின் இரைச்சலே.

பின்னர் கணிப்பொறியின் காலம் வந்தது. லைன் 6 நிறுவனத்தின் ‘பொட்’ 1998இல் வெளியாயிற்று. ஜேர்மனியின் கெம்பர் நிறுவனம் 2011இல் அறிமுகப்படுத்திய கருவி, முழு அம்பிளிபயரையும் ஒரே வீச்சில் அளந்து பிரதிசெய்தது. அது திறமான வேலைதான். எனினும் ஒரு புகைப்படம் போன்றது. அளக்கும்போது குமிழ்கள் நின்ற நிலையே அதில் பதிவாகிறது. எந்தக் கரகரப்பு எப்பகுதியில் உண்டானது என்பதைப் பின்னர் பிரித்தெடுக்க வழியில்லை.

இரு பகுதிகளையும் தனித்தனியே பிரதிசெய்து, இடையே அந்தக் குமிழை மீண்டும் வைத்தால் நிலைமை வேறு. குமிழை ஏற்ற ஏற்ற வலுப்பெருக்கி விழித்துக்கொள்கிறது. காதொலிப்பானின் சத்தத்தையோ நாம் விரும்பிய அளவில் வைத்திருக்கலாம். சிரமம் இரண்டாம் பாதியில்தான். ஸ்பீக்கரைப் போலவே ஏறியிறங்கும் சுமையை இணைத்து அதனை அளக்க வேண்டும்; வெறும் தடையியை இணைத்து அளந்தால் அந்த உரையாடலே பதிவாகாது. இலகுவான முதற் பாதியை மட்டும் செய்துவிட்டு முழு அம்பிளிபயர் என்று கூவி விற்போரும் உளர். வாங்குமுன் இரு பகுதிகளும் தனித்தனியாக உண்டா என்று பெற்றோர் கேட்பது நன்று. ‘நியூரல் ஆம்ப் மொடலர்’ என்னும் இலவச மென்பொருளிலும் பாதிகளைத் தனித்தனியே பதிவுசெய்யலாம். அதற்கு அளவான கணனியும் கிற்றாரை அதனுடன் இணைக்கும் சிறு பெட்டியும் போதும்.

பழைய வால்வு அம்பிளிபயர் ஏற்கெனவே வீட்டிலிருந்தால், இத்தகைய கருவியை அதன் பின்புறத்து ‘ரிட்டேர்ன்’ துளையில் இணைத்து, கருவியிலுள்ள வலுப்பெருக்கிப் பிரதியை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் தாளித்த கறியை மீண்டும் தாளித்த கதையாகும். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு அம்பிளிபயரை ஒருபோதும் இயக்கக்கூடாது, ட்ரான்ஸ்போமர் எரிந்துபோகலாம். மின்னிணைப்பைக் கழற்றிய பின்னரும் உள்ளே ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். ஆகையால் மூடியைத் திறக்கும் வேலையைத் தொழில் தெரிந்தவரிடமே ஒப்படைக்க வேண்டும்.