மாமாரி பலகையின் நிலாக் கணக்கு: ஈஸ்டர் தீவு எழுத்தில் எதை நம்பலாம்?

தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக் கரையிலிருந்து சுமார் 3,500 கி.மீ. தொலைவில், பசிபிக் பெருங்கடலில் இருக்கிறது ராப்பா நூயி எனப்படும் ஈஸ்டர் தீவு. மோவாய் என்னும் பெரிய கற்சிலைகளால் உலகம் அதை அறியும். அதே மக்கள் மரப்பலகைகளில் குறிகளைச் செதுக்கி எழுதியும் வைத்தார்கள். ‘ரொங்கோரொங்கோ’ எனப்படும் அந்த எழுத்தை இன்றுவரை யாராலும் முழுமையாக வாசிக்க முடியவில்லை. அதில் நட்சத்திரப் பஞ்சாங்கம் ஒளிந்திருக்கிறது, சந்திரன் தங்கும் நட்சத்திர வீடுகள் பதிவாகியிருக்கின்றன என்று அவ்வப்போது விளக்கங்கள் வருகின்றன. இவற்றில் எது உறுதியானது, எது ஊகம்?

எப்படிப்பட்ட எழுத்து?

பறவை, மீன், மனிதன், செடி, பிறை போன்ற உருவங்களே குறிகள். சுறாப் பல்லாலும் கூரான எரிமலைக் கல்லாலும் அவற்றைச் செதுக்கினார்கள். ஒரு வரி முடிந்ததும் பலகையைத் தலைகீழாகத் திருப்பித்தான் அடுத்த வரியைப் படிக்க வேண்டும்; ஒன்றுவிட்ட வரிகள் நம் கண்ணுக்குத் தலைகீழாகத் தெரியும். ஜெர்மானிய ஆய்வாளர் தாமஸ் பார்தெல் 1958இல் சுமார் 600 குறிகளுக்கு எண் கொடுத்துப் பட்டியலிட்டார். உலகில் எஞ்சியிருப்பவை இரண்டு டஜனுக்குச் சற்று மேற்பட்ட மரப்பொருள்களே. அவற்றில் ஒன்றுகூட இன்று அந்தத் தீவில் இல்லை.

வாசிக்கத் தெரிந்தவர்கள் என்ன ஆனார்கள்?

1862இல் பெருவிலிருந்து வந்த ஆள்பிடி கப்பல்கள் தீவு மக்களில் பாதிப் பேர்வரை அடிமைகளாகக் கொண்டுபோயின. எழுத்தறிந்த பெரியவர்களும் அவர்களுள் இருந்தார்கள். உயிரோடு திரும்பிய சிலர் மூலம் பெரியம்மை பரவியது. 1877இல் தீவின் மக்கள்தொகை வெறும் 111. ஓர் எழுத்தின் உயிரே அதை ஓதத் தெரிந்த வாய்களில்தான் இருக்கிறது; அந்த வாய்கள் சில ஆண்டுகளில் அடைக்கப்பட்டன. மனித வரலாற்றின் பெரிய இழப்புகளில் இதுவும் ஒன்று.

யூஜின் ஐரோ என்ற பிரெஞ்சு மதப் பணியாளர் 1864இல் இந்தப் பலகைகளைப் பற்றி முதன்முதலில் எழுதினார். 1860களின் இறுதியில் தஹிதி ஆயர் ஜோசனுக்குத் தீவு மக்கள் தலைமுடியால் திரித்த கயிற்றைக் காணிக்கையாக அனுப்பினார்கள். அதைச் சுற்றியிருந்த மரத்துண்டைப் பார்த்தபோதுதான் அது எழுத்துப் பலகை என்று அவருக்குத் தெரிந்தது. பின்னர் மெத்தோரோ என்ற தீவுக்காரரைப் பலகையைப் பார்த்துப் பாடச் சொல்லிக் குறித்துக்கொண்டார். மெத்தோரோவோ ஒவ்வொரு உருவத்தையும் பார்த்து அது என்னவென்று சொல்லிக்கொண்டு போனாரே தவிர, தொடர்ந்து பொருள் தரும் வாசகம் கிடைக்கவில்லை.

மாமாரி தரும் சான்று

நமக்குக் கிடைத்த ஒரே உறுதியான பிடி ‘மாமாரி’ என்ற பலகை. நம் ஊர்ப் பூவரச மரத்தால் ஆனது, 29 செ.மீ. நீளம், சுமார் ஆயிரம் குறிகள். அதன் ஒரு பக்கத்தில் இரண்டு வரிகளுக்கும் மேலாகப் பிறைக் குறிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அது நிலாப் பஞ்சாங்கம் என்று பார்தெல் கண்டறிந்தார். 1990இல் மொழியியலாளர் ஜாக் கீ அதை மேலும் நுணுக்கமாக ஆராய்ந்தார்.

பிறைகளின் நடுவே பௌர்ணமிக்கு ஒரு தனிக் குறி. வானத்தில் மண்ணடுப்பு மூட்டும் கிழவியாக அது விளக்கப்படுகிறது. நிலாவில் வடை சுடும் பாட்டியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கிழவியைப் புரிந்துகொள்வது எளிது. பிறைகளை எட்டுக் கூட்டங்களாகப் பிரிக்கும் ஒரு குறித்தொடரும் இருக்கிறது. அது கயிற்றில் கட்டிய மீனோடு முடிகிறது. பௌர்ணமிக்கு முன் வரும் நான்கு இடங்களிலும் மீனின் தலை மேல்நோக்கி இருக்கிறது. பின் வரும் நான்கிலும் கீழ்நோக்கி இருக்கிறது. முன்னவை வளர்பிறை, பின்னவை தேய்பிறை.

இதை நம்பக் காரணம் படம் பொருந்துகிறது என்பது மட்டுமல்ல. 1886இல் தீவுக்கு வந்த அமெரிக்கக் கடற்படை அதிகாரி வில்லியம் தாம்சன், மாதத்தின் ஒவ்வொரு இரவுக்கும் மக்கள் வைத்திருந்த பெயர்களை எழுதிக்கொண்டு போனார். பலகையில் பிறைகள் கூட்டங்கூட்டமாக வரும் விதம் அந்தப் பெயர் வரிசையோடு ஒத்துப்போகிறது. 28 இரவுகள், தேவைப்பட்டால் சேர்த்துக்கொள்ள இரண்டு மிகை இரவுகள் என்பதே அவர்கள் கணக்கு. அமாவாசைக்கு அமாவாசை சுமார் 29½ நாள் என்பதால் சில மாதங்களுக்கு ஒன்றும் சிலவற்றுக்கு இரண்டும் கூட்ட வேண்டியிருந்தது. பலகையோடு தொடர்பில்லாத வேறொரு பதிவு வந்து சாட்சி சொல்வதால்தான் இந்த விளக்கம் நிற்கிறது.

நட்சத்திர வீடுகளைத் தேடலாமா?

நட்சத்திரம் பார்த்துக் கடல் கடந்தவர்கள் பாலினீசியர்கள். நாம் கார்த்திகை என்று சொல்லும் விண்மீன் கூட்டம் அவர்களுக்கு மத்தாரிக்கி. விடியலில் அது மீண்டும் தோன்றுவது மாவோரி மக்களுக்குப் புத்தாண்டு. நியூசிலாந்தில் 2022 முதல் அது அரசு விடுமுறை. எனவே பலகைகளில் விண்மீன்களைத் தேடுவதில் தவறில்லை.

ஆனால் 27 அல்லது 28 சந்திர வீடுகள் என்பது வேறு வகைக் கணக்கு. விண்மீன்களுக்கிடையே நிலா ஒரு சுற்றுச் சுற்ற எடுக்கும் 27.3 நாள் அதன் அடிப்படை. நம் பஞ்சாங்கத்தில் திதி வேறு, நட்சத்திரம் வேறு என்பதுபோலத்தான் இதுவும். மாமாரியில் இருப்பது பிறையின் கணக்கு. அங்கே 28 வருகிறது என்பதற்காக அதை நட்சத்திர வீடுகள் என்று கொள்ளக் கூடாது. பறவையும் மீனும் மனிதனுமாக இருக்கும் 600 குறிகளை வானத்தின் எந்த விண்மீன் கூட்டத்தோடும் பொருத்திவிட முடியும். 1932இல் கியோம் த ஹெவெஷி என்ற ஆய்வாளர் சிந்துவெளி எழுத்தோடு இவற்றை ஒப்பிட்டு உறவு கண்டதும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளின் இடைவெளியையும் கடலின் இடைவெளியையும் உருவ ஒற்றுமை மட்டும் நிரப்பிவிடாது.

இதற்கிடையே 2024இல் ரோமில் உள்ள நான்கு பலகைகளின் கார்பன் காலக்கணிப்பு வெளியானது. ஒன்றின் மரம் 15ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. ஐரோப்பியர் முதலில் வந்த 1722க்கு வெகு முந்தியது. மரத்தின் வயது எழுத்தின் வயதாகிவிடாது என்றாலும், தீவு மக்கள் தாமே எழுத்தைக் கண்டுபிடித்தார்கள் என்ற கருத்துக்கு அது வலுச்சேர்க்கிறது.

அந்த மக்களின் அறிவுக்கு நாம் செய்யும் மரியாதை, நம் கற்பனையை அதன்மேல் ஏற்றாமல் இருப்பதுதான். ஒரு குறிக்குச் சொல்லும் பொருள், அந்தக் குறி வரும் பிற இடங்களிலும் பொருந்த வேண்டும். தீவின் மரபுப் பதிவுகளும் அதை ஆதரிக்க வேண்டும். இந்தச் சோதனையில் இதுவரை தேறி நிற்பது மாமாரியின் நிலாக் கணக்கு ஒன்றே.