கைப்பேசியில் சார்ஜ் ஏறவில்லையா?

இரவு முழுவதும் செருகி வைத்த கைப்பேசி காலையில் அணைந்தே கிடக்கிறது. மகன் வளைகுடாவில், மகள் வெளியூரில் என்று வாழும் பெற்றோருக்கு இது சிறிய தொல்லையன்று. "பேட்டரி போய்விட்டது" என்று முடிவுகட்டிக் கடைக்கு விரையும் முன் சற்றுப் பொறுங்கள், அன்பிற்குரிய வாசகர்களே!

பழுதைத் தேடுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. செலவில்லாததில் தொடங்க வேண்டும். சுவரிலுள்ள பிளக்கில் மின்சாரம் வருகிறதா என்று வேறொரு கருவியைச் செருகிப் பாருங்கள். அடுத்து கேபிளை மாற்றுங்கள், பிறகு அடாப்டரை. இரண்டையும் ஒருசேர மாற்றினால் குற்றவாளி எது என்பது தெரியாமலே போய்விடும். கேபிளின் கழுத்துப் பகுதியில் மேலுறை நன்றாக இருக்க, உள்ளே மயிரிழை போன்ற செப்புக் கம்பிகள் அறுந்திருப்பதுண்டு.

புதிய கேபிளும் பயன்தரவில்லையா? டார்ச் விளக்கொளியில் கைப்பேசியின் துளையைப் பாருங்கள். சட்டைப் பையின் பஞ்சுத் தூசி அதற்குள் புகுந்து, செருகும்போதெல்லாம் அழுந்தி, மெத்தைபோல் கெட்டிப்பட்டுவிடுகிறது. பின்னர் கேபிள் முழுதாக உள்ளே இறங்குவதில்லை. பலருடைய கைப்பேசிக்கு நேர்ந்திருப்பது இவ்வளவுதான்! கைப்பேசியை அணைத்துவிட்டு, உலர்ந்த மரப் பல்குச்சியால் ஓரங்களிலிருந்து மெல்ல நெம்பி எடுங்கள். ஊசியும் ஊக்கும் ஆகா. டைப்-சி துளையின் நடுவே உள்ள மெல்லிய நாக்கில் 24 தொடுமுனைகள் நெருங்கி அமைந்துள்ளன. வாயால் ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே செல்லும்.

நீர் பட்டிருந்தால் சார்ஜில் போடவே கூடாது. துளை கீழ்நோக்கியிருக்க மெல்லத் தட்டி, காற்றோட்டமான இடத்தில் உலர விடுங்கள். அரிசிக்குள் புதைப்பது நம் வீடுகளில் பரவிவிட்ட வைத்தியம்; அதனால் தவிட்டுத் தூசி துளைக்குள் சேர்வதே மிச்சம். கைப்பேசி வெயிலில் சூடேறியிருந்தால், ஆறும் வரை அது தானாகவே சார்ஜை ஏற்க மறுக்கலாம். அடியோடு வற்றிய பேட்டரி உயிர்க்குறி காட்ட அரைமணி நேரமும் ஆகலாம்.

விட்டுவிட்டு ஏறுகிற நிலையிலேயே புகைப்படங்களையும் தொலைபேசி எண்களையும் வேறிடத்தில் படியெடுத்து விடுங்கள். பேட்டரியை மாற்றலாம்; பேரக் குழந்தையின் முதல் படத்தை எந்தக் கடையில் வாங்குவது?

இனி, விளையாட்டாக எண்ணக் கூடாத ஒன்று. 1991இல் விற்பனைக்கு வந்த லித்தியம்-அயன் பேட்டரி, அதை உருவாக்கிய மூவருக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. அதனுள் இருப்பது தீப்பற்றக்கூடிய திரவம். அது சிதையும்போது வாயு உண்டாகிப் பேட்டரி உப்புகிறது. பின்மூடி பிதுங்கும், திரை ஒருபுறம் எழும்பும். அத்தகைய கைப்பேசியை அழுத்தாதீர்கள், துளைக்காதீர்கள், மீண்டும் சார்ஜில் போடாதீர்கள். அணைத்து, துணியும் காகிதமும் இல்லாத தரையில், குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைத்து, அன்றே பழுது பார்ப்பவரிடம் ஒப்படையுங்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் எறியாமல், மின்னணுக் கழிவு பெறும் இடத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்.