எந்த பீஸ்?

தாராவியில் எங்கள் படிப்பு வட்டத்துக்கு ஒரு அக்கா வருகிறார். தோல் பை தைக்கும் பட்டறையில் அவருக்கு வேலை. ஒரு பீசுக்கு இவ்வளவு என்று கூலி. எழுதப் படித்ததும் வீட்டுக் கணக்கைத் தாமே எழுதத் தொடங்கினார்.

மாதக் கடைசியில் நோட்டோடு வந்தார்.

“தம்பி, 800 ரூபாய் குறையுது. மூத்தவன்தான் எடுத்தான்னு அவனை ஏசிட்டேன். நீங்க கொஞ்சம் பாருங்க” என்றார்.

பார்த்தேன். ஒரு வரியில் ‘பீஸ் 600’. அது பட்டறையில் வாங்கிய கூலி. இன்னொரு வரியில் ‘பீஸ் 400’. அது மகளின் பள்ளிக்குக் கட்டிய பணம். அக்கா இரண்டையும் வரவில் கூட்டிவிட்டார். கழிக்க வேண்டிய 400 ரூபாயைக் கூட்டினால் 800 ரூபாய் வித்தியாசம் வரும் அல்லவா? மகன் மேல் குற்றமே இல்லை.

ஏன் இந்தக் குழப்பம்? ஆங்கிலத்தின் மூன்று எழுத்துகளுக்கு நாம் ‘ப’ ஒன்றையே எழுதுகிறோம். அந்த மூன்றிலும் இடது பக்கம் ஒரு நேர்க்கோடு இருக்கும். பெரிய எழுத்தில் வலது பக்கத்தைப் பாருங்கள்.

மேலே மட்டும் ஒரு வளைவு: துண்டு என்னும் பீஸ். பெட்டியில் அடுக்கிக் கட்டும் பேக்.

மேலும் கீழும் இரண்டு வளைவு: தோளில் மாட்டும் பேக்.

வளைவே இல்லை, இரண்டு குறுக்குக் கோடு: பள்ளிக்குக் கட்டும் பீஸ்.

இந்தக் கடைசி எழுத்து தாதர் ஸ்டேஷன் பலகையிலும் வரும். அதைப் பார்த்து, ‘பர்ஸ்ட் கிளாஸ் வண்டி’ என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அது ‘பாஸ்ட்’. வேகமாகப் போகும் வண்டி. அதிலும் இரண்டாம் வகுப்புப் பெட்டிகள் உண்டு. ஆனால் சென்ட்ரல் லைனில் மாட்டுங்கா, சயான் போகிறவர்கள் அதில் ஏற வேண்டாம். தாதரை விட்டால் அது வழக்கமாகக் குர்லாவில்தான் நிற்கும்.

கணக்கு எழுதும்போது தமிழ்ச் சொல்லையே எழுதுங்கள். ‘கூலி’, ‘பள்ளிக் கட்டணம்’ என்றால் குழப்பம் வராது. ஆங்கிலச் சொல்தான் வேண்டும் என்றால், பள்ளி பீசுக்கு முன்னால் ஆய்தம் போடுங்கள்: ஃபீஸ்.

அன்று அக்கா மகனுக்கு வடா பாவ் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பயிற்சி: ரயிலுக்கு ‘பாஸ்’ எடுக்கிறோம். முதலாளியையும் ‘பாஸ்’ என்கிறோம். இரண்டையும் தமிழ்ச் சொல்லால் எழுதிப் பாருங்கள்.