ஜோக்கர் தோத்த இடம்

எங்க ஹாஸ்டல்ல ஃப்ளோருக்கு நாலு பேராவது ஜோக்கர் டிபி வெச்சிருப்பாங்க. கூடவே ஒரு ஸ்டேட்டஸ்: "நல்லவனாதான் இருந்தேன், உலகம் மாத்திடுச்சு" என்கிற டைப்பில். அந்த வசனங்களில் பாதி படத்திலேயே கிடையாது. படம் 'தி டார்க் நைட்'. கிறிஸ்டோபர் நோலன் இயக்கி 2008 ஜூலையில் வந்தது. அப்போ எங்க பேட்ச்ல முக்கால்வாசி பேர் ஸ்கூல் வாசலைக்கூட மிதிக்கலை. ஆனாலும் இன்னைக்கு வரைக்கும் பேட்மேன் டிபியை விட ஜோக்கர் டிபிதான் அதிகம். இந்த ஆளை ஏன் நமக்கு இவ்வளவு பிடிக்குது? அவன் சொன்னது சரிதானா? இந்த ரெண்டு கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஸ்பாய்லர் நிறைய இருக்கு, படம் பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க.

இதை எல்லாரும் ரியலிஸ்டிக் படம் என்று சொல்ல முதல் காரணம் கண்ணுக்குத் தெரிவது. சிகாகோ தெருக்களில் எடுத்தார்கள். பெரிய லாரி ஒன்று குட்டிக்கரணம் அடிக்கும் காட்சியில் நிஜமாகவே லாரியைக் கவிழ்த்தார்கள். மருத்துவமனை வெடிப்பதற்கு ஒரு பழைய மிட்டாய்த் தொழிற்சாலைக் கட்டடத்தையே தகர்த்தார்கள். சரி, ஆனா அது மட்டும் போதும்னா மிஷ்கினின் 'முகமூடி'யும் (2012) ரியலிஸ்டிக்தான். அதில் ஜீவாவுக்கு எந்த சக்தியும் இல்லை, குங்ஃபூ கத்துக்கிட்ட ஒரு சாதாரணப் பையன். நரேன் வில்லன். அவன் ஒரு கொள்ளைக் கூட்டத்தின் தலைவன், அவனை வீழ்த்தினால் கதை முடிஞ்சிடும். ஜோக்கரை அடிச்சா எதுவும் முடியாது. விசாரணை அறையில் பேட்மேன் அவனைப் புரட்டி எடுக்கிறான், அவன் சிரிச்சுக்கிட்டே இருக்கான். அடி வாங்கியவன் சிரிக்கும்போது அடிச்சவன்தான் தோத்தவன் மாதிரி தெரியுது.

இந்த சிரிப்பைப் புரிஞ்சுக்க நம்ம ஊர்க் கூத்தைப் பார்த்தால் போதும். செஞ்சி பக்கம் மேலச்சேரியில் தொடங்கி விழுப்புரம் மாவட்டம் முழுக்க திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிறது. அங்கே துரியோதனன் மேடைக்கு வரும்போது திரைக்குப் பின்னால் நின்று தன் பேர், குலம், பெருமை எல்லாவற்றையும் தானே சொல்லிக்கொள்வான். அவனுக்கு என்ன வேண்டும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்: நாடு. கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த அவன் பெரிய உருவம் தரையில் கிடக்கும். பீமன் தொடையில் அடிப்பான், திரௌபதி கூந்தலை முடிவாள், கணக்கு தீர்ந்தது.

ஜோக்கருக்குப் பேர் கிடையாது, ஊர் கிடையாது. போலீஸ் பிடிச்சாலும் கைரேகையை வெச்சுக்கூட அவன் யாருன்னு கண்டுபிடிக்க முடியலை. வாயோரத் தழும்புக்கு ஒருத்தரிடம் அப்பா காரணம் என்கிறான், இன்னொருத்தரிடம் மனைவி காரணம் என்கிறான். பணத்தை மலை மாதிரி குவிச்சுக் கொளுத்துறான். அவனைத் துரியோதனன் வரிசையில் வைக்கவே முடியாது. கூத்தில் அவனுக்கு சொந்தக்காரன் கட்டியங்காரன்தான். ராஜாவைக் கேள்வி கேட்டு, கிண்டல் பண்ணி, ஜனங்களைச் சிரிக்க வைக்கும் கோமாளி. ராஜா முன்னாடி நின்று பயமில்லாமல் பேசுவதால் நமக்கு அவனைப் பிடிக்கும். அந்தக் கோமாளி கையில் வெடிகுண்டைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதுதான் ஹீத் லெட்ஜர் நடித்த ஜோக்கர். படம் வெளிவரும் முன்பே, 2008 ஜனவரியில், 28 வயதில் அவர் இறந்துவிட்டார். அடுத்த வருஷம் அந்த வேஷத்துக்கு ஆஸ்கர் வந்தது.

அவன் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அழுத்தம் கொடுத்தா நீங்க எல்லாரும் எவ்வளவு நேரம் நல்லவங்களா இருப்பீங்க? மெக்கானிக்கல், சிவில் பசங்களுக்கு இது தெரிஞ்ச விஷயம்தான். லேப்ல யுனிவர்சல் டெஸ்டிங் மெஷின்ல கம்பியை மாட்டி லோடை ஏத்திக்கிட்டே போவோம் இல்லையா? ஜோக்கர் செய்வது அதே வேலை. கம்பிக்கு பதில் மனுஷங்க.

முதல் ஸ்பெசிமன் ஹார்வி டென்ட், ஊரே நம்பும் அரசு வக்கீல். வளையவே மாட்டான், காஸ்ட் அயன் மாதிரி. காஸ்ட் அயனின் குணம் தெரியும்தானே, முன்னறிவிப்பு கொடுக்காமல் படக்குன்னு உடையும். காதலி ரேச்சல் செத்ததும் டென்ட் அப்படித்தான் உடைகிறான், நாணயம் சுண்டிக் கொலை செய்கிறான். அடுத்தது பேட்மேன், மைல்ட் ஸ்டீல். உடையவில்லை, ஆனால் வளைகிறான். ஜோக்கரைப் பிடிக்க ஊரில் இருக்கும் எல்லா செல்போனையும் ஒட்டுக்கேட்கும் கருவியாக மாற்றுகிறான். கூட வேலை பார்க்கும் லூசியஸ் ஃபாக்ஸே, இந்த மெஷின் இருக்கும் வரைக்கும் நான் இங்கே இருக்க மாட்டேன் என்கிறார்.

மூணாவது சோதனை ரெண்டு படகு. ஒன்றில் பொதுமக்கள், ஒன்றில் கைதிகள். ரெண்டிலும் வெடிகுண்டு. இந்தப் படகின் ரிமோட் அந்தப் படகில், அந்தப் படகின் ரிமோட் இதில். நள்ளிரவுக்குள் யாராவது அழுத்தாவிட்டால் ரெண்டும் வெடிக்கும். பொதுமக்கள் ஓட்டு போடுகிறார்கள், வெடிக்கலாம் என்றுதான் பெரும்பான்மை. ஆனால் ரிமோட்டைக் கையில் எடுத்தவனால் திருக முடியவில்லை. இன்னொரு படகில் ஒரு கைதி ரிமோட்டை வாங்கி ஜன்னல் வழியே தூக்கி எறிகிறான். ரெண்டு படகும் வெடிக்கவில்லை. ஜோக்கர் தோத்த இடம் இதுதான்.

"இதெல்லாம் சினிமா மச்சான், நிஜத்துல அழுத்தியிருப்பாங்க" என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது: 2024 டிசம்பர் மறந்துபோச்சா? நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. விழுப்புரம், திண்டிவனம் தெருக்களில் வெள்ளம். விக்கிரவாண்டி–முண்டியம்பாக்கம் நடுவே பாலத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றது. தென்பெண்ணை பெருகி அரசூர் பக்கம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையே துண்டானது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. ஜோக்கர் பிளான் போட்டாலும் இவ்வளவு கச்சிதமா போட முடியாது.

அப்போ நடந்தது என்ன? பால் பாக்கெட்டை விலை ஏத்தி வித்தவங்க இருந்தாங்க, மறைக்க வேண்டாம். ஆனா ஜெனரேட்டர் வெச்சிருந்தவங்க வாசலில் முன்பின் தெரியாதவங்க போன் எல்லாம் சார்ஜ் ஏறிக்கிட்டு இருந்தது. பாத்திரத்தில் சோறு ஆக்கி, இடுப்பளவு தண்ணியில் தூக்கிட்டுப் போனவங்களை நம்மில் பல பேர் பார்த்திருக்கோம். பேச்சில் நாம அந்தப் படகு ஜனங்க மாதிரிதான், "அவனவன் அவனவனைப் பார்த்துக்கணும்"னு ஓட்டு போடுவோம். கை மட்டும் ரிமோட்டைத் திருகாது.

இப்போ எனக்கு இந்தப் படத்தில் உறுத்தும் விஷயத்துக்கு வர்றேன். கடைசியில் டென்ட் செய்த கொலைகளை பேட்மேன் தன் மேல் போட்டுக்கொள்கிறான். உண்மை தெரிஞ்சா ஊர் நம்பிக்கை இழந்துடும் என்று அவனும் கமிஷனர் கார்டனும் சேர்ந்து மறைக்கிறார்கள். பத்து நிமிஷம் முன்னாடிதான் அதே ஊர் ஜனங்க, ரெண்டு படகிலும், எங்களை நம்பலாம் என்று காட்டியிருந்தாங்க. ஹீரோ அதை நம்பலை. ஜனங்க தாங்க மாட்டாங்க என்ற ஜோக்கரின் வாதத்தைத்தான் நம்பினான். 2012-ல் வந்த அடுத்த பாகத்தில் அந்தப் பொய் வெளியே வந்து ஊரையே கவிழ்க்குது.

ஜோக்கர் டிபி வெச்சுக்கோங்க, தப்பில்லை. நடிப்புக்காகவே வைக்கலாம். உலகமே இப்படித்தான் என்ற அவன் தியரிக்காக மட்டும் வைக்காதீங்க. அந்தத் தியரிக்கு டெஸ்ட் ரிப்போர்ட் வந்தாச்சு. படத்தில் ஒரு தடவை, நம்ம மாவட்டத்தில் ஒரு தடவை.