கையெழுத்துக்கு முன் ஓர் இரவு

சுபாங் ஜெயா எஸ்.எஸ்.15 வட்டாரத்தில், எல்.ஆர்.டி. நிலையத்துக்குப் பக்கத்து மாமாக் கடையில் போன மாதம் ஒரு தம்பியைச் சந்தித்தேன். முன்பு என்னோடு வேலை பார்த்தவர். பிறகு வேறொரு நிறுவனத்துக்குப் போய் நான்கரை ஆண்டுகள் ஆகிவிட்டன. தே தாரிக் ஆறிக்கொண்டிருந்தது. அவர் தொடவே இல்லை.

"அக்கா, வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு எச்.ஆர்.ல கூப்பிட்டாங்க. மேசையில ரெண்டு கடிதம். ஒண்ணு ஆட்குறைப்புக் கடிதம். இன்னொண்ணு நானே வேலைய விடுற மாதிரி. 'ராஜினாமான்னா உங்க பேரு கெடாது, அடுத்த வேலைக்கு நல்லது'ன்னாங்க. பத்து நிமிஷத்துல கையெழுத்துப் போட்டுட்டேன்."

பேர் கெடாமல் இருக்க அவர் கொடுத்த விலை எவ்வளவு? கைப்பேசியை எடுத்துக் கணக்குப் போட்டோம்.

சம்பளம் 3,600 வெள்ளி. 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் 1980-இல் வந்த விதிமுறைப்படி, ஆட்குறைப்பு செய்யும் முதலாளி இழப்பீடு கொடுத்தாக வேண்டும். ஓராண்டு முடித்து இரண்டு ஆண்டுக்குள் என்றால் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். தம்பிக்கு அறுபத்தேழரை நாள் சம்பளம், ஏறக்குறைய 8,000 வெள்ளி. வேலை முடிந்த ஏழு நாளுக்குள் அது கைக்கு வந்திருக்க வேண்டும். அதோடு ஆறு வார முன்னறிவிப்பு. ஒப்பந்தத்தில் ஒரு மாதம் என்று போட்டிருந்தாலும் ஆட்குறைப்பு என்றால் சட்டம் சொல்லும் ஆறு வாரத்துக்குக் குறையக்கூடாது.

ராஜினாமா என்றதும் அத்தனையும் போய்விட்டது. சொக்சோவின் வேலை காப்புறுதித் திட்டமும் கைவிட்டுவிடும். மாதாமாதம் நம் சம்பளத்திலிருந்து சில வெள்ளி பிடிக்கிறார்களே, அதுதான். வேலை இழந்தவருக்கு வேறு வேலை தேடும் மாதங்களில் உதவித்தொகை கொடுக்கும் திட்டம் அது. ஆனால் தானாக விலகியவருக்குக் கிடையாது.

தம்பி ஒன்றும் பேசவில்லை. முறுக்கை உடைத்து உடைத்துத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

வேலை போவது எங்கள் வட்டாரத்துக்குப் புதிதில்லை. 2015 ஜூன் 1-ஆம் தேதி நினைவிருக்கிறதா? சுபாங் விமான நிலைய வளாகத்தில் இயங்கிய மலேசியா ஏர்லைன்ஸ், ஏறக்குறைய 20,000 ஊழியர்களுக்கும் பணி முடிப்புக் கடிதம் கொடுத்தது. அவர்களில் சுமார் 14,000 பேருக்குப் புதிய நிறுவனத்தில் வேலை தருவதாகச் சொன்னார்கள். மீதி 6,000 பேருக்கு அதுவும் இல்லை. வானொலிக்கு அப்போது நான் புதிது. அந்த எண்களை உச்சரிக்கவே கஷ்டமாக இருந்தது. வேலை காப்புறுதித் திட்டம் 2018-இல்தான் வந்தது. அந்த 6,000 பேருக்கு அப்படி ஒரு கைத்தாங்கல் இல்லை. ஆனாலும் அவர்களை அனுப்பியது நிறுவனம்தான் என்பது கடிதத்திலேயே இருந்தது.

இன்னும் பின்னால் போனால் சுபாங் ஜெயாவே சீபீல்டு தோட்டத்து மண்ணில் எழுந்த ஊர். தோட்டத்தில் வேலை முடிந்தால் குடியிருந்த வீடும் முடிந்தது. நம் தாத்தா பாட்டிகளிடம் எந்தத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்று யாராவது கேட்டிருப்போமா?

முதலாளியை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தால் என் பழைய கதை என்னைப் பார்த்துச் சிரிக்கும். என் முதல் வேலையை ஒரு வாட்ஸ்அப் செய்தியில் விட்டேன். 'நாளையிலிருந்து வர மாட்டேன், நன்றி.' ஒப்பந்தத்தில் ஒரு மாத முன்னறிவிப்பு என்று இருந்தது. நான் அதைப் படிக்கவே இல்லை. விளம்பரதாரர் கோப்புகள் என் மடிக்கணினியில், கடவுச்சொல் என் தலையில். இரண்டு வாரத்தில் ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்டுக் கடிதம் வந்தது. கொதித்துப்போய் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். "சரியாத்தான்மா கேட்டிருக்காங்க. கட்டிடு" என்றார். கட்டினேன், மூன்று தவணையில்.

முன்னறிவிப்புக் காலம் இரு தரப்புக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே சட்டம். முதலாளி திடீரென அனுப்பினால் அந்த நாள்களுக்கான சம்பளத்தை அவர் கொடுக்க வேண்டும். நாம் திடீரெனப் போனால் நாம். மற்றபடி கடைசி நாளுக்குள் சம்பளப் பாக்கியும் எடுக்காத ஆண்டு விடுப்புக்கான பணமும் வந்துவிட வேண்டும். இதற்கெல்லாம் கெஞ்ச வேண்டியதில்லை.

ஒன்று, நன்றாகச் சம்பாதிக்கும் இளையோருக்கு. மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்கினால் நான் மேலே சொன்ன இழப்பீடு சட்டப்படி கட்டாயமில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். பதவியில் 'மேனேஜர்' என்று போட்டதும் பூரித்துப் போகிறோம். இந்த வரியை எத்தனை பேர் தேடிப் பார்க்கிறோம்?

ஆனால் நியாயமில்லாமல் வேலையை விட்டு அனுப்பினால், 1967-ஆம் ஆண்டு தொழில்துறை உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவுக்குச் சம்பள வரம்பு கிடையாது. 60 நாளுக்குள் தொழில்துறை உறவு இலாகாவில் புகார் கொடுக்க வேண்டும். கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமாவையும் பணிநீக்கமாகவே தொழில்துறை நீதிமன்றம் பார்க்கும். சிக்கல் என்னவென்றால், கட்டாயப்படுத்தினார்கள் என்பதை நாம்தான் நிரூபிக்க வேண்டும். அதனால்தான் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்: அந்த அறையில் கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லிக் கடிதத்தின் நகலைக் கேளுங்கள். போட்டுவிட்டால் அன்றிரவே யார் என்ன சொன்னார்கள் என்று நேரத்தோடு எழுதி வையுங்கள்.

தம்பி எதையும் எழுதி வைக்கவில்லை. நாளை எண்ணிப் பார்த்தோம். அன்று 19-ஆவது நாள். கைப்பேசியில் பழைய செய்திகளைத் தள்ளிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நிறுத்தினார். அந்த வெள்ளிக்கிழமை மதியம் 2.10-க்கு எச்.ஆர். அனுப்பியது. 'உங்கள் ராஜினாமா கடிதம் தயார். நாலு மணிக்கு வந்து கையெழுத்துப் போடவும்.'

"அக்கா, நான் அப்ப சாப்பிட்டுட்டு இருந்தேன். வேலைய விடப் போறேன்னு எனக்கே தெரியாது."

அதைப் படம் பிடித்து எனக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொன்னேன். திங்கட்கிழமை காலையில் இலாகாவுக்குப் போக அவரே விடுப்பு கேட்கத் தேவையில்லாத நிலை. ஆறிய டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.