குத்துச்சண்டையில் எடைப் பிரிவுகள்



குத்துச்சண்டை வீரர் மேடை ஏறுவதற்கு முன்னர் ஏறி நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதுவே தராசு. ஓட்டப் பந்தயத்திலும் நீச்சலிலும் இல்லாத இவ்வழக்கம் குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, தேக்குவாண்டோ முதலிய விளையாட்டுகளில் காணப்படுவது ஏன்? அதன் காரணத்தையும், அதில் மறைந்துள்ள ஓர் ஆபத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

ஒரே வேகத்தில் வரும் மிதிவண்டியும் லாரியும் ஒரு சுவரில் மோதினால், எது மிகுதியான சேதம் விளைவிக்கும் என்பதை நாம் அறிவோம். வேகம் ஒன்றாக இருப்பினும் நிறை மிகுந்தால் மோதலின் வன்மையும் மிகும். குத்துச்சண்டை வீரரின் குத்து கையில் மட்டும் பிறப்பதன்று. அது பாதத்தில் தொடங்கி, இடுப்பின் வழியே திரும்பி, தோளைக் கடந்து முட்டிக்கு வருகிறது. எனவே குத்தின் பின்னால் வீரரின் உடல் எடையும் சேர்ந்து வருகிறது. அது தலையில் விழும்போது மண்டை ஓட்டுக்குள் இருக்கும் மூளை குலுங்குகிறது. இருவரும் ஒத்த திறமையுடையவராயின், மெலிந்தவரே மிகுந்த துன்பத்திற்கு உள்ளாவார்.

முற்காலத்தில் இங்கிலாந்தில் வீரர்கள் கையுறையின்றி, எடை வேறுபாடும் பாராது மோதினர். 1867-ஆம் ஆண்டில் வெளியான குவீன்ஸ்பெரி விதிகள் கையுறையையும் மூன்று நிமிடச் சுற்றுகளையும் நிலைநாட்டின. எனினும் எடை வரம்புகள் இடத்துக்கு இடம் மாறுபட்டே இருந்தன. 1909-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் தேசிய விளையாட்டுக் கழகம் எட்டுப் பிரிவுகளை வரையறுத்தது. அவற்றுள் மிகச் சிறியது 112 இராத்தல், அதாவது ஏறத்தாழ 51 கிலோ வரையுள்ள ‘ஃபிளைவெயிட்’ என்னும் ஈ எடை. சேவல், இறகு என்னும் பெயர்களைக் கொண்ட பிரிவுகளும் அதனை அடுத்து வந்தன. 175 இராத்தலுக்கு மேற்பட்டோர் ‘ஹெவிவெயிட்’ என்னும் கன எடைப் பிரிவினர். இன்று தொழில்முறைக் குத்துச்சண்டையில் 17-க்குக் குறையாத பிரிவுகள் உள்ளன. 2024-ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு ஏழு பிரிவுகளும் பெண்களுக்கு ஆறு பிரிவுகளும் இருந்தன.

“திறமை இருந்தால் எடை எதற்கு?” என்று சிலர் வினவலாம். 1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகரில் முதல் ‘யு.எஃப்.சி.’ கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டி எடைப் பிரிவே இல்லாமல் நடைபெற்றது. அதில் பிரேசில் நாட்டு ராய்ஸ் கிரேசி வாகை சூடினார். மறு ஆண்டில், தம்மைவிட 30 கிலோவுக்கு மேல் கனத்த டான் செவர்னையும் அவர் பணிய வைத்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்பது மெய்யாயிற்று. ஆனால் தரையில் கிடந்து பிடி போடும் கிரேசியின் கலையை அன்று எதிராளிகள் பலர் அறிந்திருக்கவில்லை. அக்கலையை யாவரும் கற்றுக்கொண்டபின், எடை மீண்டும் தன் வேலையைக் காட்டியது. 1997-ஆம் ஆண்டில் அப்போட்டியிலும் எடைப் பிரிவுகள் புகுந்தன.

எடைப் பிரிவு சிறிய உடலுடையோருக்குப் பெரிய வாய்ப்பைத் திறந்துவிட்டது. 1998-ஆம் ஆண்டு கோலாலம்பூர் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியில் மலேசியாவிற்குக் குத்துச்சண்டைத் தங்கம் வென்ற சாபோக் பிக்கி 48 கிலோ பிரிவு வீரர். 1974-ஆம் ஆண்டு கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டியில் சிங்கப்பூருக்கு வெண்கலம் பெற்றுத் தந்த சையது அப்துல் காதரும் அதே பிரிவினரே. எடைப் பிரிவு இல்லையேல் இவ்வீரர்கள் உலக மேடையை அடைந்திருப்பது அரிது.

இனி, ஆபத்தைப் பற்றிக் கூறுவோம். சில வீரர்கள் தம் இயல்பான எடைக்குக் கீழுள்ள பிரிவில் இறங்கி, மெலிந்தவரை எளிதில் வெல்ல எண்ணுகின்றனர். அதற்காக உணவை நிறுத்தி, நீர் அருந்தாமல், வெந்நீரிலும் நீராவியிலும் அமர்ந்து வியர்வையை வெளியேற்றுகின்றனர். தராசில் நின்ற பின்னர் நீரைக் குடித்து எடையை மீட்கின்றனர். தோட்டத்தில் பால்மரப் பாலை நிறுக்கும்போது, எடையை மட்டும் பாராமல், அதில் ரப்பர் எவ்வளவு என்றும் சோதிப்பார்கள் அல்லவா? அங்கே நீரைக் கலந்து எடையைக் கூட்டலாம். இங்கே நீரை இறைத்து எடையைக் குறைக்கிறார்கள். இரண்டிலும் தராசு உண்மையைச் சொல்வதில்லை.

பாலுக்கு நேர்வது நட்டம். மனிதனுக்கு நேர்வதோ உயிரிழப்பு. உடலில் நீர் வற்றினால் இரத்தத்தின் அளவு குறைகிறது, இதயம் மிகையாக உழைக்கிறது, சிறுநீரகம் கெடுகிறது, உடலின் வெப்பமும் தணிவதில்லை. 1997-ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த மாணவர் மூவர் இவ்வாறு எடை குறைக்க முயன்று மாண்டனர். 2015 டிசம்பரில், மணிலாவில் நடைபெறவிருந்த ஒரு போட்டிக்காக எடை குறைத்த 21 வயதுச் சீன வீரர் ஒருவர் உயிர் நீத்தார். அப்போட்டியை நடத்திய, சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘ஒன் சாம்பியன்ஷிப்’ நிறுவனம், அதன்பின் நீரை வற்றச் செய்து எடை குறைப்பதைத் தடை செய்தது. வீரரின் உடலில் போதிய நீர் உள்ளதா என்று சிறுநீரைச் சோதிக்கும் முறையையும் கொண்டுவந்தது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவின் இறுதிச் சுற்றுக்கு முன்னேறினார். இரவெல்லாம் பாடுபட்டும் மறுநாள் காலையில் எடை 100 கிராம் கூடியிருந்ததால் அவர் தகுதி இழந்தார். அவர் முன்னர் 53 கிலோ பிரிவில் போட்டியிட்டவர் என்பது குறிப்பிடத்தக்கது.

நம் பிள்ளைகளுள் பலர் தேக்குவாண்டோ முதலிய கலைகளைப் பயில்கின்றனர். போட்டி நாள் நெருங்கும்போது, “ஒரு கிலோ குறைந்தால் கீழ்ப் பிரிவில் எளிதாக வெல்லலாம்” என்று யாரேனும் கூறக்கூடும். வளரும் பிள்ளை அதற்காகப் பட்டினி கிடத்தலும், தண்ணீர் குடியாமல் இருத்தலும் கூடவே கூடா. பெற்றோர்கள் இதனைப் பயிற்றுநரிடம் தயங்காது எடுத்துரைத்தல் வேண்டும். மாணவர்களே, நன்றாக உண்டு, நீர் அருந்தி, போதிய அளவு உறங்கியபின் தராசு எந்தப் பிரிவைக் காட்டுகிறதோ, அதுவே உங்கள் பிரிவு. அதில் நின்று பயின்று வெற்றி பெறுங்கள்!