ஆட்டுக்கல் முதல் டிரெட்மில் வரை

நுழையும்முன்

உழைப்பே உடற்பயிற்சியாக இருந்த காலம் ஒன்று உண்டு. உழைப்பை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, உடலுக்கு அசைவு தருவதற்காக வேறோர் இயந்திரத்தை விலைக்கு வாங்கும் காலம் இது. பனிக்காலத்தில் வீட்டிலேயே பயிற்சி செய்ய விரும்புவோர் எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது? கொங்கு நாட்டின் பட்டறிவைத் துணைக்கொண்டு இவ்வினாவை ஆராய்கிறது இப்பாடம்.

மார்கழியும் தையும் முன்பனிக்காலம் என்பது தமிழர் வகுத்த பருவப் பகுப்பு. மேற்குத் தொடர்ச்சி மலையை அடுத்து, கடல் மட்டத்திற்கு 400 மீட்டருக்கும் சற்று மேலான உயரத்தில் அமைந்த கோவையில் இப்பருவத்தின் விடியல் குளிர்ந்தே இருக்கும். தைத் திங்களில் கதிரவன் எழுவதற்குக் காலை 6.45 மணி ஆகிவிடும். ஏனைய நாள்களில் பந்தயச் சாலையில் விடியலிலேயே நடைபயில்வோர் பலர், இப்பருவத்தில் போர்வையை விட்டு எழத் தயங்குவர். ஐப்பசியில் மழைக்காக நின்ற பயிற்சி, மார்கழியில் பனிக்காக நீடித்து, பங்குனியில் மறந்தே போவதும் உண்டு. வீட்டிலேயே ஒரு கருவி இருந்தால் நன்று என்னும் எண்ணம் இந்நிலையில்தான் எழுகிறது.

உழைப்பும் இயந்திரமும்

இரண்டு தலைமுறைகளுக்கு முன்பு இவ்வெண்ணத்திற்கே இடமிருக்கவில்லை. ஆட்டுக்கல்லில் மாவாட்டிய கைகளும், உலக்கை பிடித்த தோள்களும், கிணற்றில் நீர் சேந்திய முதுகும், வயலுக்கு நடந்த கால்களும் தனிப்பயிற்சியை நாடவில்லை. 1932இல் பைகாரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரம் கோவையின் ஆலைகளையும் பட்டறைகளையும் வளர்த்தது. இந்நகரம் உழவர்களுக்கு நீரிறைக்கும் மோட்டார் பம்புகளைச் செய்து தந்தது. 1955இல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி, மின்விசையால் இயங்கும் மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கினார். கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் பின்னாளில் புவிசார் குறியீடும் பெற்றது.

இம்மாற்றத்தைக் குறைகூறுதல் பொருந்தாது. நாள்தோறும் பல மணிநேரம் மாவாட்டிய பெண்களுக்குக் கிரைண்டர் ஓய்வு தந்தது. படிப்பதற்கும் பணிக்குச் செல்வதற்கும் நேரம் தந்தது. ஆனால், உழைப்பு குறைந்த அளவிற்கு உடலின் தேவை குறையவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கணித்தது. உடலுழைப்புக் குறைவு இந்நோய்க்குரிய காரணங்களுள் ஒன்று.

கட்டையின் கடற்பயணம்

உடலை வலுப்படுத்துவதற்கென்றே அமைந்த கருவிகளும் நம்மிடம் இருந்தன. அவற்றுள் சிறப்பானது கர்லாக்கட்டை. கைப்பிடி சிறுத்தும் நுனி பருத்தும் அமைந்த இம்மரக்கட்டையைத் தோளைச் சுற்றிச் சுழற்றுவர். எடை நுனியில் இருப்பதால், சுழலும் கட்டையைக் கட்டுப்படுத்த விரல், முன்கை, தோள், முதுகு, இடுப்பு ஆகிய அனைத்தும் ஒருங்கே இயங்க வேண்டும்.

இந்தியாவிற்கு வந்த ஆங்கிலேயப் படையினர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதனைத் தம் நாட்டிற்குக் கொண்டு சென்றனர். 'இந்தியக் கட்டை' என்னும் பெயரில் அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுழற்றுதல் ஒரு போட்டியாகவே இடம்பெற்றது. மறுபுறம், மேலைநாட்டு டம்பெல் பயிற்சியைப் புகழ்பெறச் செய்த யூஜின் சாண்டோ 1904-05இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். அவர் பெயர் உடல்வலிமைக்கே அடைமொழியாயிற்று. கோவையில் பிறந்து உடற்பயிற்சியில் சிறந்து, பின்னர்த் திரைப்படத் தயாரிப்பாளராகப் புகழ்பெற்ற சின்னப்பா தேவர், 'சாண்டோ' சின்னப்பா தேவர் என்றே அழைக்கப்பட்டார்.

இன்று விலையுயர்ந்த கருவியாக விளங்கும் டிரெட்மில்லின் வரலாறு வியப்புக்குரியது. 1818இல் இங்கிலாந்தில் வில்லியம் கியூபிட் என்னும் பொறியாளர், சிறைக்கைதிகள் ஓயாது மிதித்து ஏறும் உருளையை வடிவமைத்தார். தண்டனைக் கருவியின் பெயரே பின்னாளில் பயிற்சிக் கருவிக்கு அமைந்தது.

தேர்ந்தெடுக்கும் முறை

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் நோக்கத்தைத் தெளிதல் வேண்டும். இதயமும் நுரையீரலும் வலுப்பெறக் கயிறு தாண்டுதல், நிலைமிதிவண்டி, டிரெட்மில் ஆகியவை உதவும். தசைவலிமைக்கு டம்பெல், கர்லாக்கட்டை, இழுபட்டை ஆகியவை ஏற்றவை. உடல் நெகிழ்வுக்கு ஒரு விரிப்பே போதுமானது.

அடுத்துக் கருதவேண்டியது உடல்நிலை. மூட்டுவலி உடைய முதியவருக்குத் தாண்டுகயிறு பொருந்தாது. உடலெடையைத் தாங்கும் இருக்கை கொண்ட நிலைமிதிவண்டி பொருந்தலாம். பத்து முதல் பதினைந்து முறை நிலை தவறாமல் தூக்க இயலும் எடையே தொடக்கநிலையினருக்கு உரியது. தாண்டுகயிற்றின் நடுவில் நின்று இருமுனைகளையும் உயர்த்தினால், அவை அக்குள் அளவு வரவேண்டும்.

மூன்றாவது, இடம். கையின் நீளமும் கட்டையின் நீளமும் சேர்ந்த அளவிற்கு வெற்றிடம் இல்லாத அறையில் கர்லாக்கட்டையைச் சுழற்றினால் மின்விசிறியும் விளக்கும் உடையும். டிரெட்மில்லின் பின்புறம் சுவரை ஒட்டியிருத்தல் கூடாது. தவறி விழுபவர் சுவருக்கும் ஓடும் பட்டைக்கும் இடையே சிக்கிக்கொள்வார். அதன் பாதுகாப்பு நாடாவை ஆடையில் மாட்டிக்கொண்டே பயில வேண்டும். குழந்தைகள் அருகில் இல்லாதவாறும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பனிக்கால நெறிகள்

குளிரில் தசைகள் இறுகியிருக்கும். எனவே முதல் பத்து நிமிடம் கைகால்களை மெல்ல அசைத்து உடலைச் சூடேற்றுதல் இன்றியமையாதது. குளிர்ந்த வறண்ட காற்று ஆஸ்துமா உடையவரின் மூச்சுக்குழாயைச் சுருக்கும். அவர்கள் மருத்துவரின் அறிவுரையைப் பெற்றுப் பயில வேண்டும். குளிருக்காக அறையை முற்றிலும் அடைத்துவிடாமல் காற்றோட்டத்திற்கு வழி விடுதல் நன்று. பனியில் நனைந்த மொட்டைமாடித் தளம் வழுக்கும் என்பதையும் மறத்தலாகாது. தாகம் தோன்றாவிடினும் நீர் பருக வேண்டும்.

கருவியின்றியும் பயிற்சி

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாள்களேனும் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்றும் உலக நல்வாழ்வு நிறுவனம் 2020இல் வழிகாட்டியது. இதற்குக் கருவி கட்டாயமன்று. தண்டாலும் பஸ்கியும் உடலெடையையே கருவியாக்குவன. கொங்கு நாட்டின் வள்ளி ஒயில் கும்மியில் குனிந்து, நிமிர்ந்து, சுழன்று, அடியெடுத்து ஆடுவோரின் உடல் முழுவதும் இயங்குகிறது. இக்கலையைப் பயிற்றுவித்துவந்த கோவைக் கலைஞர் எம். பத்ரப்பனுக்கு 2024இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஆகவே, வழக்கம் முந்தியதாகவும் கருவி பிந்தியதாகவும் அமைதல் வேண்டும். மார்கழித் திங்கள் முழுவதும் குறித்த நேரத்தில் எழுந்து, தண்டாலும் பஸ்கியும் செய்து பார்க்கலாம். அவ்வழக்கம் தைப்பொங்கல் வரை நிலைத்தால், அதற்குத் துணையாகக் கருவி வாங்குவது பொருளுடையதாகும். வழக்கமின்றி வாங்கிய கருவி விரைவில் துணி உலர்த்தும் கொடியாகிவிடும். ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்தவருக்கு ஊக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை; மறுநாள் காலை உணவு அதனை நம்பியிருந்தது. பயிற்சியும் அவ்வாறே அன்றாட வாழ்வின் ஒழுங்கில் இடம்பெற்றுவிட்டால், பனி அதற்குத் தடையாவதில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டு முதியோரிடம் உரையாடி, அவர்கள் இளமையில் செய்த உடலுழைப்புகளைத் தொகுத்து, இன்று அவற்றைச் செய்யும் இயந்திரங்களோடு ஒப்பிட்டு எழுதுக.

2. உங்கள் வீட்டின் இடவசதி, வீட்டாரின் வயது, உடல்நிலை ஆகியவற்றைக் கருதி, ஏற்ற பயிற்சிக் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் காரணங்களுடன் வகுப்பறையில் உரையாற்றுக.